பெறப்படாது

தெலாவி நகராட்சிக் கட்டடம், மூன்றாம் மாடி.
மின்கணப்பில் ஒரு கம்பிதான் சிவக்கிறது.
அறுநூற்றுப் பதினோரு விடைத்தாள்,
மேலிடம் அனுப்பிய விடைக்குறிப்பு,
என் சிவப்புப் பேனா.

மலைச்சாலைச் சாவடிக்கு ஆள் எடுக்கும் தேர்வு.
பனி அள்ளுகிறவருக்குத் தர்க்கம் எதற்கு
என்று நான் கேட்கவில்லை.
கேட்கிற வேலைக்கு வேறு யாரோ சம்பளம் வாங்குகிறார்.
இரண்டு கூற்று, ஒரு முடிவு.
பெறப்படும் என்றால் வட்டம்.
பெறப்படாது என்றால் குறுக்குக் கோடு.
கூற்று மெய்யா பொய்யா என்பது உன் பாடு அல்ல;
தாளின் தலையிலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது.

நானூற்று இரண்டாம் தாள்
மாக்வாலா இதோயிட்ஸே, ஒமாலோ ஊர்.

ஏழாம் வினா:
ஆடு வைத்திருப்போர் எல்லோரும் மே மாதம் மலையேறுவர்.
ஜோக்கோலா மலையேறவில்லை.
எனவே ஜோக்கோலாவிடம் ஆடு இல்லை.

குறுக்குக் கோடு போட்டிருக்கிறாள்.
ஓரத்தில் பென்சிலால்:
"கால் முறிந்திருக்கும்.
ஆடுகள் மைத்துனனோடு போயிருக்கும்."

பூஜ்யம்.

பன்னிரண்டாம் வினா:
சில கணவாய்கள் பனியில் மூடப்படும்.
அபானோ ஒரு கணவாய்.
எனவே அபானோ பனியில் மூடப்படும்.

அழுத்தமான வட்டம்.
"நேற்றே மூடியாயிற்று. கடைசி லாரியில்
இறங்கி வந்தவள் நான்."

காலையில் வானொலியும் அதைத்தான் சொன்னது.
பூஜ்யம்.

தீர விசாரித்ததே மெய் என்பார்கள்.
இந்தத் தாளில் விசாரிப்பவருக்கு மதிப்பெண் இல்லை.
கொடுத்ததை வைத்துக்கொண்டு
வாயை மூடிக்கொண்டு
அடுத்த வரிக்குப் போகிறவருக்கே உண்டு.
நான் அப்படித்தான் போனேன்,
பத்தொன்பது வருடமாக.

முப்பத்தோராம் வினா:
சில லூபிகள் டர்மோக்கள் அல்ல.
எனவே சில டர்மோக்கள் லூபிகள் அல்ல.

இது மட்டும் ஒற்றைக் கூற்று.
லூபி என்று ஒன்று எங்கும் இல்லை, டர்மோவும் இல்லை.
வேண்டுமென்றே இல்லாததை எழுதியிருக்கிறார்கள்.
குறிப்பில்: பெறப்படும்.
அவள் தாளில்: குறுக்குக் கோடு.

"இந்தப் பிராணிகளை நான் பார்த்ததில்லை.
ஆனால் டர்மோக்கள் எல்லாமே
லூபிகளின் பட்டிக்குள் அடைந்திருக்கலாமே.
பட்டியில் இடம் மீதி இருக்கும்.
வெளியே ஒரு டர்மோகூட நிற்காது."

பேனாவைக் கீழே வைத்தேன்.
தாளின் பின்பக்கம் ஒரு பட்டி வரைந்தேன்,
உள்ளே சின்னதாக இன்னொரு பட்டி.
தேநீர் ஆறியது.
தப்பு குறிப்பில்தான்.

மேலிடத்துக்கு எழுதினேன்.
பதில் வர ஏழு வாரம்:
ஏற்கப்பட்டது, திருத்துக.
மறுபடியும் அறுநூற்றுப் பதினொன்று.
மாக்வாலாவுக்கு இருபத்து மூன்று இருபத்து நான்காயிற்று.
இருபத்து நான்கு தேர்ச்சி.
குறிப்போடு ஒத்துப்போயிருந்த ஆம்ப்ரோசி
இருபத்து நான்கிலிருந்து இருபத்து மூன்றுக்கு இறங்கினான்.
அவன் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.
அவனைப் பற்றி நான் இங்கே சொல்ல
அதனால் எதுவும் இல்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

தேர்ச்சி பெற்றோர் எல்லோரும் அழைக்கப்படுவர்.
மாக்வாலா தேர்ச்சி பெற்றாள்.
அழைப்புக் கடிதம் போயிற்று,
தாளில் இருந்த முகவரிக்கு, ஒமாலோவுக்கு,
மே வரை எந்த வண்டியும் ஏறாத மலைக்கு.

பத்தாம் நாள் உறை திரும்பி வந்தது.
மேலே ஊதா முத்திரை: பெறப்படவில்லை.

இறங்கி வந்தவர்களில் பலர்
அல்வானியில் குளிர்காலம் கழிப்பார்கள்.
மாக்வாலா இறங்கி வந்தவள்.
எனவே மாக்வாலா அல்வானியில் இருக்கிறாள்.

பெறப்படாது.
யார் தாளிலாவது இருந்தால்
யோசிக்காமல் பூஜ்யம் போட்டிருப்பேன்.

உறையைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு
மூன்றரை மணி பஸ்ஸில் ஏறினேன்.
"அல்வானி, ஒன்று."